ஒர்லா போவாளா?

ஜனவரி 12, 1995, வியாழன்

இன்றும் பாதி பஸ்கள் கிளம்பவில்லை. டுலூத்தில் ஜனவரி என்றால் இதுதான், இதில் எழுத என்ன இருக்கிறது. டிப்போவில் மெக்கானிக் டுவெய்ன் ஒவ்வொரு இன்ஜினுக்கும் அடியில் படுத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான். நான் ரேடியோவில் டிரைவர்களிடம் கெஞ்சினேன், போனில் பெற்றோர்களிடம் கெஞ்சினேன். பள்ளிக்கூட பஸ்ஸை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று பார்க்கிற வேலைக்கு ரோஷம் மட்டும் இருக்கவே கூடாது.

அந்தச் சந்தடியில்தான் அந்தப் போன் வந்தது. ஏதோ ஒரு அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்து எடுத்தேன். செயின்ட் பால் நகரத்திலிருந்து ஒரு பெண். என்னைக் கொரியாவிலிருந்து கொண்டுவந்து இந்த வீட்டில் தத்துக்கொடுத்த அலுவலகம். "சிகாகோல ஒருத்தங்க உங்களைத் தேடறாங்க. உங்களைப் பெத்தவங்க. பாக்க இஷ்டமா?"

"பரவால்லைங்க, நன்றி" என்றேன். பிஸ்கட் நீட்டினால் சொல்வதுபோல!

"பரவால்லைன்னா... வேண்டாம்னு அர்த்தமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அவளும் எங்களைப் போல மின்னசோட்டாக்காரிதான், வேண்டும் வேண்டாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிற ஊர், அவளுக்கே புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பேனாவை இரண்டு தடவை கீழே போட்டேன். குளிர்தான் என்று டுவெய்னிடம் சொன்னேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இன்று வியாழன் வேறு. ஏழு மணிக்கு டி.வி.யில் 'தூரக்கரை' தொடர். அப்பா இருந்தவரை நானும் அவரும் பார்ப்போம், அம்மா சமையலறையிலிருந்து கிண்டல் பண்ணுவாள். அப்பா போன பிறகு அவருடைய நாற்காலியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். மடியில் பின்னல், வாயில் விமர்சனம்.

"இன்னைக்கும் உங்க ஆளு சாப்பாட்டை மோந்து பாத்துட்டுத்தான் திங்கறா" என்றாள். எங்கள் ஆள் என்றால் ஒர்லா. தொடரில் வருகிற விண்கப்பலில் விமானி. நீலச் சாம்பல் நிறம், புருவம் கிடையாது. உடைந்த ஓடம் ஒன்றில் குழந்தையாகக் கிடந்தவளைச் சரக்குக் கப்பல் மனிதர்கள் எடுத்தார்கள், அதன் பெண் கேப்டன் வளர்த்தாள். ஒர்லாவின் துராய் இனத்தில் வேறு ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. துராய் வழக்கமெல்லாம் பழைய ஒலிநாடாக்களைக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டவள்.

மற்றவர்களுக்கு அவள் சிரிப்புப் பாத்திரம். எனக்கு அப்படி இல்லை.

ஜனவரி 13

சொல்லவில்லை.

ஜனவரி 15, ஞாயிறு

சர்ச்சில் புதுப் பாதிரியாரின் மனைவி காப்பிக் கோப்பையோடு என்னிடம் வந்தாள். நல்ல பெண். அதுதான் கஷ்டம், எல்லோரும் நல்லவர்கள்.

"நீ எந்த ஊரும்மா?"

"டுலூத்."

"அது சரி. சொந்த ஊரு?"

"கிழக்கு ஏழாம் தெரு."

"இல்லம்மா, நெஜமாவே எங்கேருந்து..."

அம்மா குறுக்கே வந்தாள். "இவ எங்க வீட்டுப் பொண்ணு. மாரிட் எங்கெப்ரெட்சன். உங்க காப்பி ஆறுது பாருங்க." இதற்கு மேல் கோபமாக என் அம்மா ஆர்டிஸ் எங்கெப்ரெட்சனுக்குப் பேசத் தெரியாது.

முதல் பாகத்திலேயே ஒர்லாவிடம் ஒரு துறைமுக அதிகாரி இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பான். "நீ எங்கிருந்து வருகிறாய்?" கடைசியில் அவள், "மூன்றாம் சரக்கு அறையிலிருந்து" என்பாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இருபத்து மூன்று வயதில், டி.வி. பார்த்து! நான் தினமும் விழுங்குகிற பதிலை ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் என்பதால்தான் அந்த அழுகை.

ஜனவரி 19, வியாழன்

செயின்ட் பால் பெண் மறுபடி டிப்போவுக்குப் போன் பண்ணினாள். சரி என்றேன். சொல்லிவிட்டேன். பிப்ரவரி 18, சனிக்கிழமை, அவர்கள் அலுவலகத்தில். சிகாகோவிலிருந்து அந்த அம்மாள் மகனோடு வருகிறாள். பெயர் ஒக்புன். மகன் யூன்சிக், எனக்குத் தம்பி முறை. சிகாகோவில் சலவைக்கடை வைத்திருக்கிறார்கள். "பையனுக்கு இங்கிலீஷ் நல்லா வரும், அவர் மொழிபெயர்ப்பார்" என்றாள்.

ஒக்புன். தனியாகக் காரில் சொல்லிப் பார்த்தேன். வாயில் உட்காரவே இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு டூனா ஹாட்டிஷ், மீனும் நூடுல்ஸும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பில் சுட்டது. பாகம் முடிகிற இடத்தில் தூரத்து விண்மீன் பக்கமிருந்து ஒரு சமிக்ஞை வருகிறது. துராய் மொழி. ஒர்லா அப்படியே நிற்கிறாள், தொண்டையில் கை. அடுத்த வாரம் தொடரும்.  இதை யார் எழுதுகிறார்கள், என் போனை ஒட்டுக் கேட்டா எழுதுகிறார்கள்?

அம்மாவின் பின்னல் ஊசி நின்றுவிட்டது.

"போவாளா?" என்றாள்.

"யாரு?"

"ஒர்லாதான். வேற யாரு?"

"போவா. தன்னோட ஜனங்களைப் பாக்க வேண்டாமா?"

"பாக்கலாம். பாக்க வேண்டாம்னு யார் சொன்னா." ஊசி மறுபடி ஓடியது. "கேப்டனை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. எத்தனை வருஷம் வளத்தா."

"கேப்டன் என்ன, தடுக்கவா போறா?"

"தடுக்க மாட்டா. அதனாலதான் பாவம்ங்கறேன்."

நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். இந்த வீட்டில் நாங்கள் தத்துப் பற்றிப் பேசியதே இல்லை. என் கண்ணைப் பற்றி, முடியைப் பற்றி, நான் வந்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒர்லாவைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

ஜனவரி 26, வியாழன்

அந்தப் பாகம் வந்தது. வந்துதொலைந்தது.

துராய்க் கப்பல் வருகிறது. கதவு திறக்கிறது. வயதான துராய்ப் பெண் ஒருத்தி நிற்கிறாள், ஒர்லாவின் அதே நிறம். ஒர்லா நாடாவில் கேட்டுக் கற்ற வணக்கத்தைச் செய்கிறாள். தொண்டையில் உள்ளங்கை, மண்டியிட்டு, அந்தக் கிழவியின் பாதத்தில் நெற்றி. ஒரு பிழை இல்லை. கிழவி உடைந்து அழுகிறாள். "நம் குழந்தை எதையும் மறக்கவில்லை" என்கிறாள். நான் சோபா உறையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்? அப்புறம் என்ன, முக்கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமே! துராய்க்காரர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் குளிர்ந்த இருட்டில் வாழ்கிறார்கள், சிரிக்கத் தெரியாது. ஒர்லா கப்பலுக்கே திரும்பிவிடுகிறாள். கேப்டன் கையை விரிக்கிறாள். இசை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா, திரும்பி வந்துட்டா."

"சௌகரியமா எழுதிட்டாங்க" என்றேன்.

"என்ன?"

"அவங்க சிரிக்கத் தெரியாதவங்களா இருந்தாத்தானே இவ திரும்பி வர முடியும்? சிரிக்கத் தெரிஞ்சவங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பா? அதை எழுதறதுக்கு ஒருத்தனுக்கும் துப்பில்ல."

அம்மா பின்னலைச் சுருட்டி வைத்தாள். பிறகு, "நீ சொல்றது வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். எங்கள் ஊரில் வித்தியாசம் என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல் வரை போனேன். முதுகைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். நான் என்ன பிறவி? இருபத்தேழு வயதாகிறது, அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல வக்கில்லை.

ஜனவரி 30

டுவெய்னோடு சண்டை. அவனுக்கும் 'தூரக்கரை' பைத்தியம். கேப்டனின் மேலங்கியைத் தானே தைத்து வைத்திருக்கிறான், நாற்பது வயதில். டிப்போவில் ஒர்லா எனக்கு யார் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான், சிகாகோ விஷயத்தை மட்டும் அவனிடமும் சொல்லவில்லை. போன வியாழன் பாகம் பிரமாதம் என்று ஆரம்பித்தான்.

"சும்மா சொல்லக் கூடாது மாரிட், அந்த வணக்கம் போடறப்போ நான் அழுதுட்டேன். ஒர்லான்னா அது நான்தான்."

எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. "நீயா? உன் மூஞ்சி இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. சர்ச்சுல, கடையில, ஒருத்தராவது உன்ன எங்கேருந்து வரேன்னு கேட்டிருக்காங்களா? உனக்கு எதுக்கு ஒர்லா? உனக்குத்தான் மீதிக் கப்பல் மொத்தமும் இருக்கே!"

அவன் கையில் கிரீஸ். அதைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"கேட்டதில்லதான்" என்றான். "என்னை யாரும் எதுவுமே கேட்டதில்ல. ஒருநாளும். அதே சர்ச்சுல நானும்தான் காப்பி குடிக்கறேன்."

போய்விட்டான். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆனாலும் நான் சொன்னது பொய் இல்லை. அவன் சொன்னதும் பொய் இல்லை. சனியன்.

பிப்ரவரி 1

டுவெய்னுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் சமாதானம். சிகாகோ விஷயத்தையும் சொன்னேன். "வணக்கம் பழகிக்கோ" என்றான், அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, சனி

பழகுகிறேன்.

எனக்கென்று எந்த நாடாவும் இல்லை. இருப்பது ஒரே ஒரு கோடைக்கால முகாம். எட்டு வயதில், ஏரிக்கரையில், என்னைப் போலத் தத்து வந்த பிள்ளைகளுக்காக நடத்தினார்கள். முகமெல்லாம் கொரியா, பெயரெல்லாம் சோறன்சன், பீட்டர்சன், எங்கெப்ரெட்சன். கொரியாவிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் எங்களுக்குக் கொரியாவைச் சொல்லித்தந்தார்கள். அம்மா பழைய மஞ்சள் திரைச்சீலையில் எனக்குக் கொரியப் பாவாடை தைத்தாள்.

முட்டைக்கோசு ஊறுகாய் மூக்கில் ஏறியது நினைவிருக்கிறது. வணக்கம் நினைவிருக்கிறது. இரு கையையும் நெற்றிக்கு மேல் கோத்து, மெல்ல மண்டியிட்டு, தலை தரை வரை. எழ வேண்டும். மறுபடி ஒரு தடவை. இரண்டு தடவை என்பது நிச்சயம், ஏனென்றால் இரண்டாவது தடவை பாவாடை தடுக்கிக் குப்புற விழுந்தேன், எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். முட்டி தரையில் இடித்த சத்தம் கீழே வரை கேட்டிருக்கிறது.

"என்னடி விழுந்தது?"

"புத்தகம்மா!"

மறுபடி இடித்தது.

"பெரிய புத்தகமா இருக்கே!" என்றாள் கீழேயிருந்து.

ஒன்று மட்டும் சரியாகச் செய்துவிட வேண்டும். மொழி தெரியாது, சாப்பாடு தெரியாது, என் பழைய பெயரையே அந்த அலுவலகப் பெண்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஒன்றாவது பிழையில்லாமல் வரட்டும். எதையும் மறக்கவில்லை என்று அந்த அம்மாளும் சொல்லட்டுமே. ஒர்லாவுக்கு மட்டும்தானா?

பிப்ரவரி 9, வியாழன்

பொய் சொல்லிவிட்டேன். பதினெட்டாம் தேதி டுவெய்னோடு செயின்ட் பாலில் 'தூரக்கரை' ரசிகர் கூட்டத்துக்குப் போகிறேன் என்றேன்.

"ஓ, அப்படியா. நல்லது" என்றாள் அம்மா. டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கோ. அதுலதான் நீ லட்சணமா இருப்பே" என்றாள்.

ரசிகர் கூட்டத்துக்கு நீலக் கோட்டு எதற்கு?

பிப்ரவரி 14

தூக்கம் இல்லை. ரேடியோவில் ஏழாம் நம்பர் பஸ்ஸைப் பதினேழாம் நம்பர் தெருவுக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் ஊர் சுற்றிப் பார்த்தார்கள்.

அந்த அம்மாள் சிரிக்கத் தெரிந்தவளாக இருந்தால்? அவளை எனக்குப் பிடித்துவிட்டால்? அம்மா எங்கே உட்காருவாள்?

பிப்ரவரி 16, வியாழன்



இன்று பழைய பாகத்தையே மறுஒளிபரப்பு செய்தார்கள், துராய்க் கப்பல் வருகிற அதே பாகம். வெளியே பனி ஆரம்பித்துவிட்டது, சனிக்கிழமை இன்னும் மோசமாகும் என்கிறார்கள். ஒர்லா சின்ன ஓடத்தில் தனியாகக் கிளம்புகிற காட்சி. அம்மா பின்னலை மடியில் வைத்தாள்.

"இந்தக் கேப்டன் மேல எனக்குக் கோவம் கோவமா வருது."

"ஏன்? அவதான் தடுக்கலியே."

"தடுக்கலைன்னா போதுமா? அவ்ளோ தூரம் பொண்ணைத் தனியா அனுப்பறதா? அதுவும் இந்தப் பனியில? கூடவே போயிருக்கணும். உள்ள வர வேண்டாம். வெளியிலயாவது உக்காந்திருக்கலாமே."

விண்வெளியில் பனி எங்கே பெய்கிறது!

"அம்மா."

"என்ன?"

"உனக்குத் தெரியுமா?"

அம்மா ஊசியை எடுத்தாள், வைத்தாள். "செயின்ட் பால்காரங்க முதல்ல இங்கதான் போன் பண்ணாங்க. பழைய நம்பர்தானே அவங்ககிட்ட இருக்கும். உன் டிப்போ நம்பரை அவங்களுக்கு யார் குடுத்தான்னு நெனச்சே?"

அட கடவுளே. ஐந்து வாரம்! ஐந்து வாரமாக எல்லாம் தெரிந்துகொண்டே ஹாட்டிஷ் செய்து போட்டிருக்கிறாள்.

"ஏன்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

 இருவரும் டி.வி.யைப் பார்த்தோம். ஒர்லா மண்டியிட்டுக்கொண்டிருந்தாள். "நீ போயிடுவியோன்னு பயமா இருந்துது" என்றாள் அம்மா, திரையைப் பார்த்துக்கொண்டே. அது ஒர்லாவுக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "சனிக்கிழமை நானே வண்டி ஓட்டறேன். நீ பதட்டத்துல பள்ளத்துல விட்டுடுவே" என்றாள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத நேற்று முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும், ஒன்றும் விட்டுப்போகாமல்.

போகிற வழி முழுக்க வானிலை பற்றியே பேசினோம். என் மடியில் அம்மா செய்த எலுமிச்சை இனிப்புத் தகர டப்பா. அலுவலக நடைவழியில் ஒரு நாற்காலியில் அம்மா டப்பாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. "போ, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

உள்ளே சின்ன அறை, பழுப்புக் கார்ப்பெட். அந்த அம்மாள் எழுந்து நின்றாள். என் உயரம். என் காது. எனக்கு இருக்கிற இந்த விரிந்த காது உலகத்தில் வேறு ஒருவருக்கும் இல்லை என்று நினைத்திருந்தேனே! பக்கத்தில் யூன்சிக், டை கட்டி, பாவம், என்னைவிட வெளிறிப்போய் நின்றான்.

 நெற்றிக்கு மேல் கையைக் கோத்தேன். மண்டியிட்டேன். தலை கார்ப்பெட்டைத் தொட்டது. அந்த அம்மாள் விம்முவது கேட்டது. எழுந்தேன். அவள் இரண்டு கையையும் என் பக்கம் நீட்டியிருந்தாள். ஆனால் எனக்குப் பாதிதானே முடிந்திருந்தது? மறுபடி மண்டியிட்டேன். நன்றாக, நிதானமாக, தடுக்காமல். மனசுக்குள் ஒரு பெருமைகூட.

நிமிர்ந்தபோது விம்மல் நின்றிருந்தது. நீட்டிய கை இரண்டும் கீழே இறங்கிவிட்டன. முகத்தில் ரத்தம் இல்லை. யூன்சிக் டையைத் தளர்த்தினான். நான் அழுகைக்காகக் காத்திருந்தேன், முட்டாள், டி.வி.யில் வருகிற மாதிரி.

"அது... ஏன் ரெண்டு தடவை?" என்றான் அவன்.

"ஏன்? முகாம்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு தடவைதான்." குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு தடவை செத்துப்போனவங்களுக்கு."

தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அந்த அம்மாள் மெதுவாக உட்கார்ந்தாள். தலையை ஆட்டி ஏதோ சொன்னாள், ரொம்பச் சின்னக் குரலில். யூன்சிக் மொழிபெயர்க்கவில்லை. நான் கெஞ்சிய பிறகு சொன்னான்: "'சரியாத்தான் செஞ்சிருக்கா'ங்கறாங்க. 'யாரும் என்கிட்டேருந்து பிடுங்கிக்கல. நானே கூட்டிட்டுப் போய் விட்டேன். விட்டவ செத்தவதான்'ங்கறாங்க."

இல்லை, இல்லை, இல்லை என்றேன். எல்லாம் இங்கிலீஷில். எனக்கு வேறு என்ன தெரியும்? தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். யூன்சிக் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்க்கவில்லை. வேண்டுமென்றே, ஊரிலிருந்து கற்றுக்கொண்டு வந்து, நான் அவளுக்குக் கருமாதி செய்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். கையில் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அம்மா எழுந்து நின்றாள். "என்னடி? என்ன பண்ணே?" அழுகையில் பாதிதான் சொல்ல வந்தது, இரண்டு தடவை, செத்தவங்களுக்கு, முகாம்.

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டாள். உள்ளே வர வேண்டாம் என்று சொன்னவள்!

"தம்பி, நான் சொல்றதை அப்படியே உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள். "இவளுக்கு அப்ப எட்டு வயசு. பாவாடை நான்தான் தெச்சேன், நீளம் ஜாஸ்தியாப் போச்சு. அன்னைக்கு மேஜை போட்டு, பழம் அடுக்கி, நடுவுல யாரோ ஒரு பெரியவரோட படம் வெச்சிருந்தாங்க. பிள்ளைங்க எல்லாம் அதுக்கு முன்னாடிதான் விழுந்து கும்பிட்டாங்க. நான் பின்வரிசையில உக்காந்து பாத்தேன். இவளுக்குப் படமும் நெனவில்ல, பழமும் நெனவில்ல. கும்பிட்டது மட்டும் நெனவிருக்கு. ரெண்டு வாரமா எங்க வீட்டு மாடி அதிர அதிரப் பழகியிருக்கா, உங்களுக்காக. புத்தகம் விழுந்துதுன்னு என்கிட்ட பொய் வேற."

யூன்சிக் சொன்னான். மாடி அதிர்ந்ததைக் கையால் தட்டிக் காட்டினான். அந்த அம்மாள் அம்மாவைப் பார்த்தாள், என் முட்டியைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் ஒரு சத்தம். அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. கண்ணீர் கொட்டக் கொட்டச் சிரிக்கிறாள். எனக்கும் சிரித்தால் இப்படித்தான் மூக்கு சுருங்கும்.

சிரிக்கத் தெரிந்தவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை யூன்சிக் தடுமாறித் தடுமாறி எடுத்துச் சொன்னான். "'சரி, செத்தவளுக்கு ரெண்டு போட்டாச்சு, அவ போய்ச் சேரட்டும். இப்ப உசிரோட இருக்கறவளுக்கு ஒண்ணு போடு'ங்கறாங்க."

போட்டேன். பாதியில் அழுது கோணிக்கொண்டு போனது. எழுவதற்குள் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கோட்டில் சலவைக்கடை நீராவி வாசனை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவளே என் தோளைத் திருப்பி, சுவரோரம் டப்பாவோடு நின்ற அம்மாவைக் காட்டினாள். ஒரு விரலை நீட்டினாள். ஒரு தடவை.

அம்மா முன்னால் மண்டியிட்டேன்.

"ஐயய்ய, எனக்கெல்லாம் எதுக்குடி! எந்திரி, எந்திரி, கார்ப்பெட் அழுக்கு!" என்றாள் அம்மா. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, என் நெற்றி தரையில் இருந்தது. டப்பா மூடி மட்டும் கடகடவென்று ஆடுவது கேட்டது.

பிப்ரவரி 20

டுவெய்னிடம் எல்லாம் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "ஒர்லா இப்படிச் சொதப்பியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்" என்றான். வாஸ்தவம். இந்த வியாழன் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அம்மா அவனிடம் ஆயிரம் கேள்வி கேட்பாள், படட்டும்.

மார்ச் 12

ஒக்புன் அம்மா ஞாயிறுதோறும் போன் பண்ணுகிறாள். அவளுக்கு இருபது இங்கிலீஷ் வார்த்தை, எனக்கு ஆறு கொரிய வார்த்தை. "சாப்ட்டியா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். "என்ன சாப்ட்டே?" அங்கே மாட்டிக்கொள்வேன். ஹாட்டிஷை எப்படி விளக்குவது?

மே 18, வியாழன்

ஏரியில் கடைசிப் பனிக்கட்டியும் போய்விட்டது. ஒக்புன் அம்மா செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்தாள். நாளை கிளம்புகிறாள்.

இன்று சமையலறையில் பெரிய யுத்தம். ஒக்புன் அம்மா அம்மாவின் தட்டில் மாமிசத்தை வைத்தாள். அம்மா "வேண்டாம், போதும்" என்றாள். எங்கள் ஊரில் மூன்றாவது தடவைதான் சரி என்பார்கள். ஒக்புன் அம்மா ஊரில் வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு வை என்று அர்த்தம்போல. அம்மாவின் தட்டு மலையாகிவிட்டது. பதிலுக்கு அம்மா லெஃப்ஸா ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிச் சுருட்டி அவள் தட்டில் அடுக்கினாள். ஒக்புன் அம்மா அதற்குள் முட்டைக்கோசு ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வித்தியாசமா இருக்கே" என்றாள். பிறகு தானும் ஒன்று அப்படிச் சுருட்டிக்கொண்டாள்!

போன் அடித்தது. டுவெய்ன். குரல் உடைந்திருந்தது. "பாத்தியா? ஒர்லா இப்படிப் பண்ணுவான்னு நெனச்சியா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு தாண்டிவிட்டது. சீசனின் கடைசிப் பாகம். டி.வி.யைப் போடவே இல்லை, டேப்பில் பதிவும் செய்யவில்லை. அம்மாவுக்கும் சரி, எனக்கும் சரி, நினைவே வரவில்லை.

"சொல்லாத, நான் பாக்கல" என்றேன்.

"பாக்கலியா? நீயா?"

ஒக்புன் அம்மா மாடிக்குத் தூங்கப் போனதும் நான் பாத்திரம் துடைத்தேன், அம்மா கழுவினாள். முதுகைக் காட்டியபடியே, "கோடையில டிப்போ மூடிருக்குமே" என்றாள்.

"ஆமா."

"சிகாகோல அவங்க கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்காம். யூன்சிக் போன்ல சொன்னான்."

 "ஒர்லா விஷயத்துல என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா குழாயை மூடினாள். சோப்புக் கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஒர்லாவை விடுடி. நான் உன்னைக் கேக்கறேன். போறியா?"

"போறேன்மா" என்றேன். "ஆகஸ்ட் கடைசியில வந்துடுவேன்."

"ம்" என்றாள்.  அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த நீலக் கோட்டை எடுத்துட்டுப் போ" என்றாள்.

ஜூலையில், சிகாகோவில், கம்பளிக் கோட்டு. பெட்டியில் முதலில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.